வரி இல்லாதவரும் வரிக் கணக்கு கொடுக்க வேண்டுமா?

மலேசியாவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடமை, குடியுரிமையைப் பார்த்து வருவதில்லை. வருமானத்தையும் வசிப்பிடத்தையும் பார்த்தே வருகிறது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பொது விதிப்படி, ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ நாட்டில் தங்கியவர் வரிக்கு ‘வசிப்பவர்’. நெகிரி செம்பிலானின் செனாவாங் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நேப்பாளத் தொழிலாளியும் இந்த விதிக்குள் வருவார். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) வேலையில்லாமல் இருக்கும் மலேசியர் குடிமகனாகவே இருந்தாலும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம் மட்டும் வாங்குபவர் பி.இ. பாரத்தை (படிவத்தை) ஏப்ரல் 30க்குள் கொடுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர் பி. பாரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். இணையவழி அனுப்பினால் வழக்கமாக 15 நாள் சலுகை உண்டு.

வயது வந்த குடிமக்கள் அனைவரும் ஆண்டுதோறும் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற யோசனை உலகின் பல இடங்களில் அவ்வப்போது எழுகிறது. மலேசியா அந்த வழியில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. 2022 முதல் 18 வயது நிரம்பியவர்களுக்கு வரி அடையாள எண் தானாகவே வழங்கும் ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. எண் கிடைத்துவிட்டது என்பதால் வரி கட்ட வேண்டும் என்று பொருளில்லை என உள்நாட்டு வருமான வரி வாரியம் அப்போதே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்கே போகாத பிள்ளைக்கு எதற்கு வரி எண் என்று வீடுகளில் எழுந்த கலக்கம்தான் காரணம். எண்ணுக்கே இவ்வளவு கலக்கம் என்றால், கணக்கும் கட்டாயம் என்று வந்தால் என்ன நடக்கும் என்பதைச் செனாவாங் போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்ப்பது நல்லது.

செனாவாங், நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒட்டிச் செல்லும் இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். பின்னர் சில இடங்களில் செம்பனை வந்தது, சில இடங்களில் தொழிற்சாலை வந்தது, மற்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தீபகற்பத்தில் இந்தியர் விகிதம் மிகுந்த மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. ரந்தாவ், லாபு, லிங்கி, சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலை, லோரி, பாதுகாவல், துப்புரவு, சிறு வியாபாரம் எனப் பல வேலைகளில் சிதறி நிற்கிறார்கள். பால் வெட்டிய தலைமுறையின் வருமானம் ஒரே இடத்திலிருந்து வந்தது. இந்தத் தலைமுறையின் வருமானம் அப்படி வருவதில்லை.

தோட்டக் காலத்தில் தொழிலாளியின் வருமானத்தை அவர் எழுதி வைத்ததில்லை. காலைப் பெரட்டில் (வருகைக் கணக்கெடுப்பில்) பேர் பதிவானது, மதியம் பால் நிறுக்கப்பட்டது, ஆபீசில் எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதினார். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் கொடுத்தார், எவ்வளவு பிடித்தம் போயிற்று என்பதெல்லாம் முதலாளியின் ஏட்டில்தான் இருந்தன. மலாயாவில் வருமான வரி 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 1948இல் நடப்புக்கு வந்தபோது, அது தொட்டவர்கள் துரைமார்களும் பெரிய வணிகர்களும்தான். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு அந்தப் பாரம் வந்ததே இல்லை. தன் வருமானத்தைத் தானே கூட்டி, தானே கழித்து, அரசிடம் எழுதிக் கொடுக்கும் பழக்கம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறையாகத் தேவைப்படவில்லை.

அந்தக் கடமை 2004இல் எல்லாத் தனிநபர்கள் மீதும் விழுந்தது. அதுவரை பாரத்தை நிரப்பி அனுப்பினால் எவ்வளவு வரி என்று வாரியம் கணக்கிட்டுச் சொல்லும். 2004ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் சுயமதிப்பீட்டு முறை வந்தது. வருமானத்தையும் கழிவுகளையும் வரியையும் கட்டுபவரே கணக்கிட வேண்டும், ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், தவறு இருந்தால் அவரே பொறுப்பு. 2006இல் தனிநபர்களுக்கு இ-பைலிங் வந்து வேலையை எளிதாக்கியது. ஆனால் பொறுப்பு இடம் மாறியதை அது மாற்றவில்லை. எல்லாக் குடிமக்களும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வது, இந்தப் பொறுப்பை வரியே இல்லாதவர் தலையிலும் ஏற்றுவதாகும்.

வரி இல்லாதவர் யார் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. செனாவாங்கில் அந்தச் சம்பளத்தில் ஒருவர் ஆண்டு முழுவதும் வேலை செய்தால் கிடைப்பது 20,400 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 2,244 ரிங்கிட் போகிறது; அது வரிக் கழிவுக்கும் தகும். தனிநபர் கழிவு 9,000. மிஞ்சுவது 9,156 ரிங்கிட். இதில் முதல் 5,000க்கு வரி இல்லை. அடுத்த 4,156க்கு ஒரு விழுக்காடு. ஆக, வரி 41 ரிங்கிட் 56 காசு. வரி விதிக்கத்தக்க வருமானம் 35,000க்கு உட்பட்டவருக்கு 400 ரிங்கிட் வரை தள்ளுபடி உண்டு என்பதால் அந்த 41 ரிங்கிட்டும் இல்லாமல் போகிறது. கட்ட வேண்டியது பூஜ்யம்.

அடிப்படைச் சம்பளமே மாதம் 2,600 ரிங்கிட்டாக இருந்தாலும் விடை மாறாது. 31,200இல் சேமநிதி 3,432, தனிநபர் கழிவு 9,000 போனால் 18,768. வரி 137 ரிங்கிட் 68 காசு, தள்ளுபடிக்குப் பின் மறுபடியும் பூஜ்யம். இப்போதைய விகிதங்களின்படி, வரி விதிக்கத்தக்க வருமானம் 28,333 ரிங்கிட்டைத் தாண்டும்போதுதான் முதல் ரிங்கிட் வரி பிறக்கிறது. பிள்ளைகளுக்கான கழிவு, மருத்துவக் கழிவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொடும் சம்பளம் இன்னும் மேலே போகும். நாட்டின் ஒன்றரைக் கோடி உழைப்பாளர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் வருமான வரி கட்டுகிறார் என்று அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னதன் காரணம் இதுவே. மற்ற ஐவரில் பெரும்பாலோர் ஏய்க்கவில்லை. அவர்களுடைய சம்பளம் வரி எல்லையை எட்டவில்லை.

அனைவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்போரின் வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். மலேசியாவின் வரி வருவாய் நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 12 விழுக்காடுதான். இது குறைவு. கையில் காசாக வாங்கி, கணக்கில் காட்டாமல் நல்ல வருமானம் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்திட்டுக் கணக்குக் கொடுத்தால், மறைப்பது வெறும் மௌனமாக இல்லாமல் பொய்யாகிவிடும், பொய்யைத் தண்டிக்கலாம் என்பது வாதம். வரி கட்டாவிட்டாலும் கணக்குக் கொடுப்பது குடிமைப் பொறுப்பு என்றும் சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மறைக்க நினைப்பவர் பூஜ்யக் கணக்கையும் கூசாமல் அனுப்புவார். லட்சக்கணக்கான நேர்மையான பூஜ்யங்களுக்கு நடுவே அவருடைய பூஜ்யமும் ஒளிந்துகொள்ளும். வயது வந்தோர் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர் இருக்கும் நாட்டில், அத்தனை பாரங்களையும் வாங்கிச் சரிபார்க்கப் போகும் அதிகாரிகளின் நேரம், ஏய்ப்பவரைத் தேடும் வேலையிலிருந்துதான் எடுக்கப்படும்.

இனி நடைமுறைச் சிக்கல்கள். முதலாவது முகவரி. தோட்டத்தில் ஒரு லயத்துக்கே ஒரு முகவரி. கடிதங்கள் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறும். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் மலிவுவிலை வீடுகளுக்குப் போனபின், அடையாளக் கார்டில் பழைய தோட்டத்து முகவரியே பல ஆண்டு நின்றுவிடுவது உண்டு. முகவரி மாறினால் மூன்று மாதத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். வரி எண்ணே இருப்பது தெரியாதவர் எப்படித் தெரிவிப்பார்? அவருக்கு அனுப்பிய நோட்டீஸ் இடித்துத் தள்ளப்பட்ட லயத்தைத் தேடிப் போகும்.

இரண்டாவது, மொழி. பாரமும் விளக்கக் கையேடும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் சில வகுப்புகளோடு நின்று தோட்டத்தில் இறங்கிய முதியவர்களுக்குப் பேச்சு மலாய் சரளமாக வரும். ‘ஒட்டுமொத்த வருமானம்’, ‘வரி விதிக்கத்தக்க வருமானம்’ என்று பிரித்துக் கேட்கும் எழுத்து மலாய் வேறு. பிள்ளை கைப்பேசியில் நிரப்பித் தருவான், அல்லது கடைவீதியில் சில பத்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு நிரப்பித் தருபவர் இருப்பார். அடையாளக் கார்டு எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் அந்நியர் கைக்குப் போகும் வழி இதுதான். பணத்தைப் பறிகொடுத்த பிறகுதான் பலருக்கு அது தெரிய வருகிறது.

மூன்றாவது, சிதறிய வேலை. இங்கேதான் சட்டம் ஏழையை மிகவும் சிரமப்படுத்துகிறது. 2014 முதல் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கப்படும் பி.சி.பி. தொகையே இறுதி வரி என்று ஏற்றுக்கொண்டால் பி.இ. பாரம் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இருக்கக் கூடாது, ஆண்டின் 12 மாதமும் ஒரே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். நிரந்தர வேலையில் இருக்கும் மேலாளருக்கு இது எளிதில் பொருந்தும். செனாவாங்கில் ஏஜென்சி வழியாக ஒரு தொழிற்சாலையில் ஐந்து மாதம், அடுத்ததில் நான்கு மாதம், இடையில் லோரி உதவியாளராக இரண்டு மாதம் என்று ஓடுபவருக்குப் பொருந்தாது. குறைவாகச் சம்பாதிப்பவருக்குத்தான் கணக்கு சிக்கலாகிறது. மூன்று முதலாளிகளிடமிருந்து, ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் இ.ஏ. பாரம் மூன்று வாங்க வேண்டும். பிப்ரவரி இறுதிக்குள் அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. ஏஜென்சி பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கும் மேல் காசு வருமானம். வீட்டில் தையல், பூ கட்டுதல், கோயில் திருவிழாவில் கடை, சனி ஞாயிறில் புல்வெட்டு, பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூசன். இதில் வருவது சிறு தொகை, செலவு போக நிற்பது இன்னும் சிறியது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இது ‘தொழில் வருமானம்’. பி. பாரம், வரவு செலவுக் கணக்கு, ஏழாண்டு ரசீது எல்லாம் இதற்கும் உண்டு. கட்டாயத் தாக்கல் வந்தால் இப்படிச் சம்பாதிப்பவர்களில் பாதிப்பேர் வருமானத்தை மறைப்பார்கள், மீதிப்பேர் தொழிலை விடுவார்கள். இரண்டுமே நாட்டுக்கு நல்லதல்ல.

தண்டனையும் இருக்கிறது. நியாயமான காரணமின்றிப் பாரம் அனுப்பாமல் இருந்தால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 112ஆம் பிரிவு. வரி பூஜ்யமாக இருக்கும் ஒருவருக்கு மிகக் குறைந்த அபராதமே 200 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. கட்ட வேண்டிய வரியைக் கட்டாதவருக்குத் தண்டனை நியாயம். கட்ட எதுவுமே இல்லாதவருக்கு, ஒரு தாளை அனுப்பாததற்காக மூன்று நாள் கூலியைப் பிடுங்குவது எந்த வகையிலும் நியாயமாகாது.

எல்லாக் குடிமக்களிடமும் ஒரே நேரத்தில் விவரம் கேட்டால் என்ன ஆகும் என்பதை மலேசியா 2024இல் பார்த்துவிட்டது. ‘பாடு’ என்ற மையத் தரவுத்தளம் ஜனவரி 2இல் திறக்கப்பட்டு, மார்ச் 31 வரை பதிவுக்கு அவகாசம் தரப்பட்டது. கட்டாயமில்லை, ஆனால் பதியாவிட்டால் உதவித்தொகை, மானியம் கிடைக்காமல் போகலாம் என்ற பயம் மக்களிடம் இருந்தது. அப்படியும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோரே விவரம் கொடுத்தார்கள். தொடங்கிய சில நாட்களிலேயே, பிறருடைய அடையாளக் கார்டு எண்ணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிட முடியும் என்ற ஓட்டை வெளிப்பட்டு, பிறகு சரிசெய்யப்பட்டது. பதிவு முகாம்களில் முதியவர்கள் வரிசையில் நின்றார்கள். பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே பாதிப்பேரைத்தான் கொண்டுவந்தது என்றால், வரிக் கணக்கு எத்தனை பேரைக் கொண்டுவரும்?

இலங்கையின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வரி வருவாயை உயர்த்தும் நெருக்கடியில், 18 வயது நிரம்பிய அனைவரும் வரி இலக்கம் பெற வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பதியாதவருக்கு 50,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவிக்கப்பட்டது. அப்போது வரி தொடங்கிய எல்லை ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாயாக உயர்ந்தது. மாதம் 25 நாள் முழு நாட்கூலி கிடைத்தாலும் ஆண்டு வருமானம் 4 லட்சத்து 5 ஆயிரம். வரி எல்லையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணிடமிருந்து அந்த எண்ணால் ஒரு ரூபாய் வரி கிடைக்கப் போவதில்லை. இலக்கம் பெறுவதும் வரி கட்டுவதும் வேறு வேறு என்று அங்கேயும் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

இந்தியா வேறு வழியில் போனது. 2024 ஜூலை 31 வரை அங்கே 7 கோடியே 28 லட்சம் கணக்குகள் தாக்கலாகின. நூற்று நாற்பது கோடிப் பேர் கொண்ட நாட்டில் அது சிறு பங்கு. எல்லாரும் கொடுங்கள் என்று சொல்லாமல், 2019இல் சட்டத்தைத் திருத்தி, செலவைப் பார்த்துப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மின்கட்டணம் கட்டியவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், நடப்புக் கணக்கில் ஒரு கோடிக்கு மேல் போட்டவர் ஆகியோர், வருமானம் வரி எல்லைக்குக் கீழே என்று சொன்னாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். மறுபக்கம், ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டும் பெறும் 75 வயது நிரம்பியவர்களுக்கு 2021 முதல் தாக்கலிலிருந்தே விலக்கு. சந்தேகம் எங்கே இருக்கிறதோ அங்கே கேள்வி, இல்லாத இடத்தில் விடுதலை. மலேசியாவும் எடுத்துக்கொள்ளத் தக்க நல்ல வழி இது.

அதைவிட நல்ல வழி பக்கத்திலேயே, சிங்கப்பூரில் இருக்கிறது. 2007 முதல் அங்கே பல சம்பளக்காரர்கள் பாரமே அனுப்புவதில்லை. முதலாளி விவரத்தை நேரடியாக வரித்துறைக்கு அனுப்புகிறார், துறை கணக்கிட்டுத் தொகையைச் சொல்கிறது, தவறிருந்தால் மட்டும் தொழிலாளி திருத்துகிறார். டென்மார்க் 1988லேயே முன்நிரப்பிய கணக்கை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 1944 முதல் சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படுவதால் பெரும்பாலான தொழிலாளர்கள் தாக்கல் என்பதையே அறியாமல் ஓய்வு பெறுகிறார்கள்.

மலேசியாவிலும் இதற்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. முதலாளி ஒவ்வோர் ஆண்டும் ஊழியர் சம்பள விவரத்தை வாரியத்துக்கு அனுப்புகிறார். சேமநிதி வாரியத்துக்கும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கும் மாதாமாதம் விவரம் போகிறது. 2012இல் பிரிம் தொடங்கி இன்றைய ரஹ்மா உதவித்தொகை வரை, ஏழைக் குடும்பங்களின் வருமானத்தை விண்ணப்பத்தில் வாங்கிச் சரிபார்ப்பதும் இதே வருமான வரி வாரியம்தான். செனாவாங்கின் மலிவுவிலை வீட்டுக் குடும்பம் தன் வருமானத்தை இந்த வாரியத்திடம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதே குடும்பத்திடம் அதே தகவலை வேறொரு பாரத்தில், அபராத மிரட்டலோடு கேட்பதில் என்ன பயன்? அன்று செக்ரோல் எழுதிய இடத்தில் இன்று சம்பளக் கணினி இருக்கிறது. கணக்கைச் சொல்லும் கடமை சம்பளம் கொடுப்பவரிடமும், அதைத் தொகுக்கும் கடமை வாரியத்திடமும் இருக்கட்டும்.

கணக்குக் கொடுப்பதில் ஏழைக்கு நன்மையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வீட்டுக் கடன், பிள்ளையின் உயர்கல்விக் கடன், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் வருமானச் சான்று தேவைப்படுகிறது. நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லாத லோரி ஓட்டுநருக்கு, வாரியம் ஏற்றுக்கொண்ட ஒரு கணக்கே மிக நல்ல சான்று. ஆகவே தாக்கல் ஓர் உரிமையாக எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். வாரியமே நிரப்பி அனுப்பட்டும், குடிமகன் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும், ஒப்புக்கொள்ளாமல் விட்டால் அதுவே இறுதியாகட்டும். வரி பூஜ்யமாக இருப்பவருக்கு 112ஆம் பிரிவின் அபராதம் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். விளக்கக் கையேடு தமிழிலும் வர வேண்டும். சிரம்பான் கிளையில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தமிழ் பேசும் ஒருவர் உதவி மேசையில் இருக்க வேண்டும். இவை செய்யப்படாமல் அனைவருக்கும் கட்டாயத் தாக்கல் என்று ஒரு நாள் அறிவித்தால், அது வரியைக் கூட்டாது, ஏழையின் அலைச்சலைத்தான் கூட்டும்.

அதுவரை, இப்போதுள்ள சட்டத்திலேயே செனாவாங் தொழிலாளர்கள் செய்துகொள்ள வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. ஓவர்டைம் அதிகமாக வந்த மாதங்களில் சம்பளத்திலிருந்து பி.சி.பி. பிடிக்கப்பட்டிருக்கலாம். ஆண்டு முழுதும் கூட்டிப் பார்த்தால் வரி பூஜ்யமாக இருக்கும். அந்தப் பணம் தொழிலாளியுடையது. ஆனால் பாரம் அனுப்பினால்தான் அது திரும்பி வரும். சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ‘பி.சி.பி.’ என்ற வரியில் ஒரு மாதமாவது தொகை இருந்தால், ஏப்ரல் 30க்குள் கணக்குக் கொடுத்துப் பிடித்ததைத் திரும்பக் கேளுங்கள்.